விடியற்காலை நாலு மணிக்குப் பூனை ஏன் எழுப்புகிறது?

விடியற்காலை நாலு மணி இருக்கும். முதலில் கன்னத்தில் மெத்தென்று ஒரு பாதம் படும். நகங்களை உள்ளே இழுத்துக்கொண்டுதான் தொடும். நாம் அசையாவிட்டால், மேஜைமேல் கிடக்கும் பேனா மூடி கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்ந்து 'டக்'கென்று தரையில் விழும். அதற்கும் எழாவிட்டால் காதருகே நீளமாக ஒரு 'மியாவ்'. புதிதாகப் பூனை வளர்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். "பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரியில் ஏன் இந்தப் பாடு படுத்துகிறது?" அடுத்த கேள்வியும் பெரும்பாலும் ஒன்றேதான்: "நாய் மாதிரி ஒட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறதே, திமிரா?"

பன்னிரண்டு வருடமாகப் பூனைகளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். திமிர் என்ற சொல்லை எப்போதோ விட்டுவிட்டேன். பூனையின் எந்தப் பழக்கத்தை எடுத்துப் பார்த்தாலும் அதன் அடியில் ஒரே விஷயம் இருக்கிறது. அது தனியாக வேட்டையாடிப் பிழைக்கும் சின்ன மிருகம். தன்னைவிடப் பெரிய மிருகங்களுக்கு இரையாகக்கூடிய மிருகமும்கூட. எலிக்கு அது புலி, நரிக்கு அது எலி. இந்த இரண்டையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொண்டால், பூனை செய்யும் காரியங்களில் முக்கால்வாசி தானாகவே விளங்கிவிடும்.

வீட்டுப் பூனைகள் எல்லாவற்றுக்கும் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில் வாழ்வது, கூட்டம் சேராதது. மனிதர்கள் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கினார்கள். தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியைத் தோண்டியபோது, மனித எலும்புக்கூட்டிலிருந்து வெறும் 40 சென்டிமீட்டர் தள்ளி, எட்டு மாத வயதுள்ள ஒரு பூனையின் எலும்புக்கூடு முழுசாகக் கிடந்தது. இந்தச் செய்தி 2004-இல் வெளியானது. அந்தத் தீவுக்கு யாரோ படகில் ஏற்றித்தான் பூனையைக் கொண்டுபோயிருக்க வேண்டும். அவ்வளவு பழைய உறவு இது. ஆனாலும் காவலுக்கு, மேய்ச்சலுக்கு, மோப்பத்துக்கு என்று நாயைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்ததுபோல் பூனையை யாரும் வளர்க்கவில்லை. எலி பிடித்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அதை அது ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருந்தது. சோபாவில் சுருண்டு படுத்திருப்பது ஏறக்குறைய அந்தப் பழைய வேட்டைக்காரன்தான்.

தூக்கமும் வேட்டையும்

வளர்ந்த பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். குட்டிகளும் வயதான பூனைகளும் இன்னும் கூடுதலாகத் தூங்கும். இதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் பூனையின் வேட்டை முறையைப் பார்க்க வேண்டும். அது இரையைக் கிலோமீட்டர் கணக்கில் துரத்துவதில்லை. பதுங்கிக் காத்திருந்து, உடம்பில் உள்ள மொத்த வலுவையும் ஒரே பாய்ச்சலில் போடுகிறது. அந்தப் பாய்ச்சல் பல தடவை தோற்றும் போகும். ஒரு சுண்டெலியில் கிடைப்பது சுமார் 30 கலோரி. நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 200 கலோரிக்கு மேல் வேண்டும். அப்படியானால் ஏழெட்டு எலியாவது பிடித்தாக வேண்டும்; தோற்ற பாய்ச்சல்களையும் சேர்த்தால் அதைப்போலப் பல மடங்கு முயற்சி. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே ஓய்வெடுத்து வலுவைச் சேமித்துக்கொள்ளாத பூனை பிழைத்திருக்காது.

அந்தத் தூக்கத்திலும் பாதிக்கு மேல் அரைத் தூக்கம்தான். கண் மூடியிருக்கும்போதே காதுகளைக் கவனித்துப் பாருங்கள். பக்கத்து அறையில் ஒரு காகிதம் சரசரத்தால் ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பும், உடம்பு அசையாது. மனிதக் காதுக்கு எட்டும் உச்ச ஒலி சுமார் 20 கிலோஹெர்ட்ஸ். பூனைக்கு அது 85 கிலோஹெர்ட்ஸ் வரை போகிறது. எலிகள் தங்களுக்குள் கீச்சிடும் ஒலி பெரும்பாலும் நமக்குக் கேட்காத அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நாம் நிசப்தம் என்று நினைக்கும் அறையில் பூனை சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பேய் பிசாசு என்று பயப்பட வேண்டாம். சுவருக்குப் பின்னால் ஏதோ ஓடுகிறது.

இப்போது நாலு மணிக்கு வருவோம். எலியும் சிறு பறவைகளும் அதிகம் நடமாடுவது விடியும் நேரத்திலும் அந்தி சாயும் நேரத்திலும். பூனையின் உடல் கடிகாரம் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. நமக்குத் தேவைப்படும் வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குப் பார்வை தெரியும். விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு படலம் இருந்து, உள்ளே நுழைந்த ஒளியைத் திரும்பவும் விழித்திரைமேலேயே அடிக்கிறது. இருட்டில் டார்ச் அடித்தால் பூனைக் கண் பளபளப்பது இதனால்தான். நமக்கு நடுச்சாமம், அதற்கு வேலை நேரம்.

இதைச் சரிசெய்ய என் அனுபவத்தில் ஒரே வழிதான் பலித்தது. காட்டில் பூனையின் வரிசை இது: பதுங்கும், பாயும், கொல்லும், தின்னும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும், தூங்கும். இந்தச் சக்கரத்தை நாம் படுக்கப்போகும் நேரத்துக்கு ஒரு முறை சுற்றிவிட வேண்டும். ஒரு குச்சியில் நூலைக் கட்டி, நுனியில் துணித்துண்டோ இறகோ முடிந்து, அதை எலிபோல நகர்த்துங்கள். பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டினால் பயனில்லை. எந்த எலியும் பூனையை நோக்கி ஓடி வராது. கதவிடுக்கில் மறையவேண்டும், கொஞ்சம் நிற்கவேண்டும், சட்டென்று விலகி ஓடவேண்டும். அப்போது பாருங்கள்: தலை தாழும், கருவிழி இருட்டுப்போல் விரியும், பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடும், அடுத்த நொடி பாய்ந்திருக்கும். மீசை முடிகள் முன்னால் வளைந்து இரையைத் துழாவும். கண்ணுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருப்பது பூனைக்குத் தெளிவாகத் தெரியாது. கடைசிக் கணத்தில் கண்ணின் வேலையை மீசைதான் செய்கிறது.

பத்துப் பதினைந்து நிமிடம் இப்படி ஓடவிட்டு, சில தடவை பிடிக்கவும் விட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். தின்றுவிட்டு நக்கத் தொடங்கும், பிறகு தூங்கும். லேசர் விளக்கை மட்டும் வைத்து விளையாட்டுக் காட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. ஒளிப்புள்ளியை எத்தனை முறை பாய்ந்தாலும் பாதத்துக்கடியில் எதுவும் அகப்படாது. அந்த ஏக்கத்தோடு பூனையை விட்டுவிடுவது சரியல்ல.

இன்னொன்று. நாலு மணிக்குக் கத்தும்போது ஒரு தடவைகூட எழுந்துபோய்ச் சாப்பாடு வைக்காதீர்கள். கவனிக்காமல் விட்டால் முதல் சில நாள் கத்தல் அதிகமாகும், பிறகுதான் குறையும். ஐந்தாம் நாள் மனம் இளகி எழுந்துவிட்டீர்கள் என்றால், 'ஐந்து நாள் விடாமல் கத்தினால் கிடைக்கும்' என்பதைத்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள்.

நாக்கு என்னும் சீப்பு

விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பங்கைப் பூனை தன்னை நக்கிக்கொள்வதில் செலவழிக்கிறது. அதன் நாக்கு நம் கையில் பட்டால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் நூற்றுக்கணக்கில் அதில் இருக்கின்றன. அவற்றின் நுனி குழிந்து சின்னக் கரண்டிபோல் இருப்பதையும், அந்தக் குழியில் எச்சிலை அள்ளி முடியின் அடிவரை கொண்டுசேர்ப்பதையும் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள். அப்படிச் சேர்ந்த ஈரம் ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. தின்ற இரையின் வாசனையும் போய்விடுகிறது. வாசனை இருந்தால் அடுத்த இரை உஷாராகும், தன்னைத் தேடுபவனுக்கும் தடம் கிடைக்கும். வேட்டைக்காரன், இரை என்ற இரண்டு வேடத்துக்கும் சுத்தம் தேவைப்படுகிறது.

இதில் வளர்ப்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. பூனையின் முடியில் படுவதெல்லாம் கடைசியில் அதன் வயிற்றுக்குப் போகும். லில்லிப் பூவின் மகரந்தம் முடியில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்து பூனை செத்துப்போகலாம். பூனை இருக்கும் வீட்டுக்குள் லில்லி வரவே கூடாது. ஃபீனால் கலந்த தரை துடைக்கும் திரவங்களும் அப்படித்தான்: ஈரத்தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும். பூனையின் கல்லீரலால் இந்த வகைப் பொருள்களைச் சரியாக முறிக்க முடியாது. காய்ச்சலுக்கு நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனையின் உயிரை எடுப்பதும் அதே காரணத்தால்தான்.

தண்ணீர் குடிப்பதும் இந்த நாக்கால்தான், ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் இல்லை. நாய்போல் தண்ணீரை அள்ளுவதில்லை. நாக்கின் நுனி தண்ணீர்ப் பரப்பை லேசாகத் தொட்டு விருட்டென்று மேலே போகும். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய நீர்த்தூண் எழும்பும். அது கீழே சரிவதற்குள் பூனை வாயை மூடிவிடும். வினாடிக்குச் சுமார் நாலு தடவை இது நடக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஒரு பேராசிரியர் காலைச் சாப்பாட்டு நேரத்தில் தன் வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எழுந்த கேள்வி, வேகக் கேமராவோடு 2010-இல் ஓர் ஆய்வாக வெளிவந்தது.

வறண்ட நிலத்து மூதாதை தனக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியை இரையின் உடம்பிலிருந்தே எடுத்துக்கொண்டது. அதனால் பூனைக்குத் தாக உணர்ச்சி மந்தம். உலர் தீவனத்தை மட்டுமே கொடுத்தால் உடம்புக்குப் போகும் நீர் குறையும், சிறுநீர் கெட்டியாகும். ஈரமான உணவையும் சேர்த்துக் கொடுங்கள். பால் வேண்டாம். பூனையும் பாலும் என்று எத்தனை கதை கேட்டு வளர்ந்திருந்தாலும், பால்குடி மறந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். இனிப்பின் சுவையும் அதற்குத் தெரியாது, அதை உணரும் மரபணு பூனைகளில் வேலை செய்வதில்லை. இறைச்சி இல்லாமல் பூனையால் வாழ முடியாது. இறைச்சியில் கிடைக்கும் டாரின் என்ற சத்து போதாவிட்டால் கண்பார்வையும் இதயமும் கெட்டுவிடும்.

வாசனையால் வரைந்த வீடு

வீட்டுக்குள் நுழைந்ததும் பூனை வந்து காலில் உரசுகிறது. கதவு மூலை, நாற்காலிக் கால், நம் முகவாய், எதையும் விடாது. கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் உள்ள சுரப்பிகள் அப்போது தம் வாசனையைப் பூசுகின்றன. நமக்கு அது தெரியாது. பூனைக்கு அது 'இது என் இடம், இங்கே பயமில்லை' என்ற எழுத்து. வீட்டைக் கழுவித் துடைத்த அன்று, புது மேஜை நாற்காலி வந்த அன்று, பூனை ஏன் அமைதியிழந்து திரிகிறது என்று இப்போது புரியும். அதன் எழுத்தெல்லாம் அழிந்துபோயிருக்கிறது.

கீறுவதும் இதே கணக்குதான். நகத்தின் மேலுறை அவ்வப்போது உரிந்து விழ வேண்டும். உடம்பை நீட்டி முறிக்க வேண்டும். பாதத்தில் உள்ள சுரப்பியால் வாசனைக் குறி வைக்க வேண்டும். சோபாவைக் கீறுவது உங்கள்மேல் உள்ள கோபத்தால் இல்லை. பூனை முழுதாக நிமிர்ந்து நீளும் உயரத்துக்கு, ஆடாத ஒரு கட்டையில் சணல் கயிற்றை இறுக்கிச் சுற்றி, அது கீறும் அதே சோபாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒதுக்குப்புறத்தில் வைத்தால் சீண்டாது, குறி என்பது நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டியது.

மடியில் ஏறி முன்னங்கால்களால் மாவு பிசைவதுபோல் மாற்றி மாற்றி அழுத்துவது குட்டிப் பருவத்து மிச்சம். தாயின் மடியில் பால் சுரக்க அப்படித்தான் அழுத்தும். உங்கள் மடியில் அதைச் செய்கிறதென்றால் அந்த நிம்மதியில் இருக்கிறது. நகம் குத்தினால் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள், தள்ளிவிடாதீர்கள்.

குப்பைமேனிச் செடியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை கிறங்கிப்போய் அதன்மேல் புரளும். தமிழில் அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் இருக்கிறது. பெயர் வைத்தவர் அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அட்டைப்பெட்டி மோகத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் வாசல்: இரைக்கு அது பதுங்குமிடம், வேட்டைக்காரனுக்கு அது மறைவிடம். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்த 2014 ஆய்வில், பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட வேகமாகப் பயம் தெளிந்தன. புதுப் பூனையை வீட்டுக்குக் கொண்டுவரும் அன்று வேறு எதை மறந்தாலும் ஒரு பெட்டியை மறக்காதீர்கள். அது உள்ளே இருக்கும்போது கையை விட்டு இழுக்கவும் வேண்டாம்.

வால், கண், குரல்

செங்குத்தாக நிமிர்ந்த வால், நுனி லேசாக வளைந்திருந்தால், நட்பு. வால் 'சட் சட்'டென்று தரையில் அடித்தால் போதும் நிறுத்து என்று பொருள்; நாயின் வாலாட்டலோடு குழப்பிக்கொண்டால் கையில் கீறல் விழும். காதுகள் தலையோடு படிந்தால் பயம். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கையின் அடையாளம். தடவச் சொல்லும் அழைப்பு என்று நினைத்துக் கை வைத்தால் பல பூனைகள் நாலு காலாலும் பிடித்துக்கொள்ளும். கன்னமும் முகவாயும் காதடியும் பெரும்பாலும் பிடித்த இடங்கள்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம் என்று பழமொழி சொல்கிறது. அதன் கண் மூடலுக்கு வேறொரு அர்த்தம் இருக்கிறது. உங்களைப் பார்த்தபடியே மெதுவாக இமைகளைத் தாழ்த்தி, பாதி மூடி, திரும்பத் திறந்தால் அது உங்களைப் பகையாக எண்ணவில்லை. எந்நேரமும் யாராவது பாயலாம் என்று பிறந்த உயிர், ஒருவர் முன்னால் கண்ணை மூடுகிறது. நீங்களும் அதேபோல் மெதுவாக இமைத்துக் காட்டலாம். மனிதர்கள் அப்படிச் செய்யும்போது பூனைகள் பதிலுக்கு இமைப்பதும், இமைத்துக் காட்டிய அந்நியரை நெருங்கி வருவதும் அதிகமாகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2020-இல் சொன்னது. வந்த முதல் வாரத்தில் கட்டிலுக்கடியிலேயே கிடந்த ஒரு பூனையை நான் வெளியே கொண்டுவந்தது இந்த இமைப்பால்தான். ஏழு நாள் தரையில் படுத்துக்கொண்டு இமைத்தேன்.

வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' சொல்வது மிக அபூர்வம். குட்டி தாயிடம் சொல்லும், வளர்ந்த பூனை மனிதரிடம் சொல்லும். நாம் வாலையும் காதையும் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் நமக்கென்று வைத்துக்கொண்ட பேச்சு அது. தன் பெயரையும் அது அறியும்: ஒரே தொனியில் நாலு வேறு சொற்களைக் கேட்டுச் சலித்திருந்த பூனைகள், ஐந்தாவதாகத் தம் பெயர் வந்ததும் காதையோ தலையையோ அசைத்ததை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் பதிவு செய்தார்கள். கூப்பிட்டது கேட்கிறது. எழுந்து வருவதும் வராததும் அதன் முடிவு.

'குர்ர்ர்' என்ற ஓசையை மட்டும் அவசரமாக மகிழ்ச்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நிம்மதியாக இருக்கும்போதும் அந்த ஓசை வரும். பிரசவ வேதனையிலும், அடிபட்டுக் கிடக்கும்போதும் வரும். பசியில் எழுப்பும் குர்ரொலிக்குள் குழந்தை அழுகையை ஒத்த ஓர் உயர்ந்த ஒலி கலந்திருப்பதை 2009-இல் கண்டறிந்தார்கள். அதைக் கேட்டால் நம்மால் சும்மா இருக்க முடியாது.

மறைத்துவைக்கும் வலி

இரையாகக்கூடிய மிருகம் வலியை வெளியே காட்டாது. நொண்டினால் முதலில் பிடிபடுவது அதுதான். வீட்டுக்குள் எந்த நரியும் இல்லை என்று பூனையின் உடம்புக்குத் தெரியாது. அதனால் நோவு எப்போதும் பழக்க மாற்றமாகத்தான் வெளியே தெரியும்: தாவும் இடத்துக்குத் தாவாது, நக்கிக்கொள்வதை விட்டுவிடும், அல்லது ஒரே இடத்தை முடி உதிரும்வரை நக்கும். ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். அதற்கு மேலும் பட்டினி தொடர்ந்தால், கொழுத்த பூனைகளுக்குக் குறிப்பாக, கல்லீரலில் கொழுப்பு அடைத்துக்கொள்ளும்.

என் கடுவன் பூனை முத்துவுக்கு நாலு வயதிருக்கும்போது ஒருநாள் மதியம், மலஜலம் கழிக்க வைத்திருக்கும் மணல் தட்டுக்குப் போனான், உட்கார்ந்தான், வந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் போனான். பிறகு குளியலறைத் தரையில் உட்கார்ந்து பார்த்தான். மலச்சிக்கல் என்று நினைத்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். இரவு மடியில் வந்து படுத்துக் குர்ரென்றான். நன்றாகத்தான் இருக்கிறான் என்று நானும் தூங்கப் போனேன். அன்று விடியற்காலை நாலு மணிக்குக் கன்னத்தில் பாதம் படவில்லை. அந்த அமைதிதான் என்னை எழுப்பியது. தட்டில் மணல் காய்ந்து கிடந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. சிறுநீர்க் குழாய் அடைத்துப் போயிருந்தது. குழாய் செலுத்தி நீரை எடுத்த மருத்துவர், இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார். கடுவன்களுக்கு அந்தக் குழாய் மிகக் குறுகல். இந்த அடைப்பு ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும். ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்கிவிட்டு எதுவும் வராமல் எழுந்தால், அது எந்த நேரமானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மணல் தட்டைப் பொறுத்தவரை, எத்தனை பூனையோ அதைவிட ஒன்று கூடுதலாக வைப்பது நல்லது; சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, இரைச்சலில்லாத இடத்தில். தட்டுக்கு வெளியே போனால் திட்டாதீர்கள். தட்டு அழுக்கா, மணல் மாறிவிட்டதா, வலியா என்று பாருங்கள்.

முத்துவுக்கு இப்போது ஒன்பது வயது. தினமும் காலையில் மணலை அள்ளும்போது ஈரக் கட்டிகளை எண்ணிவிடுகிறேன். அவனுக்கு வழக்கமாக மூன்று.